கடைசி சைக்கிளுக்கு ஒரு வாலா

இன்று காலை சட்டையை உதறினேன், வெடிப்புகை வாசம் அடித்தது. நேற்று நம் சைக்கிள் பந்தயம். உடனே உன் நினைப்புதான், மாப்ளே.

அந்த முதல் வருடம் ஞாபகம் இருக்கா? சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை அணை வரைக்கும் நம் கேபிள் டிவியில் முதல் நேரடி ஒளிபரப்பு. லோடு ஆட்டோவில் கேமராவோடு நான், மைக்கோடு நீ. பாதி வழியிலேயே டிவி பார்க்கிறவர்களிடமிருந்து போன் வந்துவிட்டது: "எம்புட்டு நேரம்யா ரோட்டையே காட்டுவீக? பாட்டுப் போடுங்க!"

முடிவிலாவது அசத்துவோம் என்று எல்லைக்கோட்டில் பத்தாயிரம் வாலா சரவெடியை விரித்தோமே, அதுதான் வினை. பட்டாசு ஊர்க்காரன் புத்தி வேறெங்கே போகும்! முதல் ஆள் வரும்போது பற்றவைத்தோம். டிவி முழுக்கப் புகை. யார் ஜெயித்தது என்று படம் பிடித்த எனக்கே தெரியவில்லை. "அடுத்த வருசமும் இப்படின்னா, நம்ம டிவில பந்தயமே கெடையாது" என்றுவிட்டார் கேபிள் ஓனர். கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. நீதான் வீடு தேடி வந்தாய்.

"ஏலே, ஓட்டுறவுக யாருன்னே தெரியாம சனம் எதுக்குலே பாக்கும்?"

மறுவருடம், நீ வேலை பார்த்த அச்சகத்தில் காலண்டருக்குப் போக மிஞ்சிய தாளில் ஓட்டுகிறவர்களின் படம், ஊர், வேலை எல்லாம் அடித்து வீடு வீடாகக் கொடுத்தாய். மைக்கில் வேகக் கணக்கே பேசவில்லை. "இவுக எம். புதுப்பட்டி, பட்டாசுக்குத் திரி வெட்டுறவுக. சைக்கிளு மச்சினனோடது. கீறல் விழுந்துச்சு, வீட்டுல சோறு கெடையாது!" ஊரே சிரித்தது. வாலாவையும் கடைசியாக வருகிறவருக்கு மாற்றினாய். பாட்டுக் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை.

அந்தத் திரி வெட்டுகிறவர்தான் கடைசி. வாலா வெடித்தபோது உன் குரல் உடைந்தது. "அழுகலைலே, புகை" என்று கடைசிவரை சாதித்தாய்.

நீ போய் இது இரண்டாவது பந்தயம். மைக் இப்போது என்னிடம். உன் வாய் எனக்கு வராது, ஆனாலும் சமாளிக்கிறேன். உன் தாளும் வருடம் தவறாமல் வீடு வீடாகப் போகிறது. நேற்று ஒருவர் மட்டும் வந்துசேரவில்லை, வெகுநேரம் ஆகிவிட்டது. "முடிச்சிருவமா?" என்றார் ஓனர். நான் வாய் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா.

"தாளு கையில இருக்குய்யா. இன்னும் ஒரு ஆளு வரணும்ல? அணைச்சிராதீக."

காத்திருந்தோம். வந்தார். வாலாவை நானே பற்றவைத்தேன். கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று ஓனர் கேட்டார். புகை என்று சொல்லிவிட்டேன்.