வைக்கோல் வண்டியில் ஓர் இடம்

3 மார்ச் 2024, ஹம், ஜெர்மனி

எனக்கு ஒரு இசைக்குழு கிடைத்துவிட்டது. பெயர் ‘ஹொய்வாகன்’, அதாவது வைக்கோல் வண்டி. 1969இல் நீள முடியும் வெறுங்காலுமாக, போர் வேண்டாம், வீடு வாசல் வேண்டாம் என்று பாடிய கூட்டம். மே மாதம் கொலோனில் கச்சேரி. அவர்களுடைய பேஸ் கிட்டார்காரருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை, அவர் இடத்தில் நான். பாட்டுகளைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் மூன்றே கோர்ட்ஸ் வைத்துக் கட்டிய எளிய பாட்டுகள். பரவாயில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “அதில கலியாணம் கட்டாத பெடியள் ஆரும் இருக்கினமோ?”

எல்லோருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது என்றேன்.

16 மார்ச்

முதல் ஒத்திகை. வீடு வேண்டாம் என்று பாடியவர்கள் ஒவ்வொருவருக்கும் தோட்டத்தோடு வீடு இருக்கிறது. பாடகர் ஹார்ட்முட்டின் நிலவறையில்தான் வாசித்தோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். நான் மருந்தகத்தில் வேலை செய்வது எப்படியோ தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் என்னென்னவோ விழுங்கியவர்கள், இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று வரிசையாக வந்து கேட்டார்கள்.

பிறகுதான் விஷயம் வந்தது. ஹார்ட்முட் ஒரு சித்தாரைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். நான் சேலை கட்டி, மேடையில் சப்பணமிட்டு இருக்க வேண்டுமாம். பேஸுக்கு வேறு ஆள் பார்ப்பாராம். சித்தாரை நான் தொட்டதே இல்லை என்றேன். அது உன் இரத்தத்தில் இருக்கிறது என்றார். என் இரத்தத்தில் இரும்புச்சத்தே போதாது என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

17 மார்ச்

அழுதேன். முப்பத்தொரு வயதில். பதினான்கு வயதிலிருந்து விரல் கொப்பளிக்க பேஸ் வாசித்து — கடைசியில் நான் மேடைக்கு அலங்காரமா?

அப்பா ஒன்றுதான் கேட்டார். “நீ ஏலாது எண்டு சொன்னனியோ, மாட்டன் எண்டு சொன்னனியோ?”

சித்தார் தெரியாது, ஏலாது என்றுதான் சொன்னேன்.

“அப்ப மற்றதையும் சொல்லு, பிள்ளை.”

18 மார்ச்

சொன்னேன். ஹார்ட்முட்டுக்குத் தொலைபேசி எடுத்து, சேலையும் மாட்டேன் சித்தாரும் மாட்டேன் என்று. அப்படியென்றால் சனிக்கிழமை உன் பேஸைக் கொண்டு வா என்றார்.

6 ஏப்ரல்

சித்தாருக்கு ஆள் வந்துவிட்டார். யோர்க், மூன்ஸ்டர் ஊர் ஜெர்மன்காரர். காசியில் போய்ப் படித்தவர், குர்தாவோடு வந்திருந்தார். உண்மையிலேயே அருமையாக வாசிக்கிறார். என்னைக் கண்டதும் ஹிந்தியில் பேசினார். ஜெர்மனில் பதில் சொன்னேன். பாவம், முகம் வாடிவிட்டது.

25 மே, கொலோன்

மண்டபம் நிறைந்துவிட்டது. நரைத்த பின்னல்கள், ஊன்றுகோல்கள். அவர்களுக்குப் பின்னால் இருபது வயதுப் பிள்ளைகள், எல்லா வரியும் மனப்பாடமாக. எப்படி?

கடைசிப் பாட்டில், மூன்றாம் சரணத்துக்கு முன் வரி வராமல் ஹார்ட்முட் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பாடிய பாட்டு. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பயந்த முகத்தை நான் கண்டதில்லை. யோசிக்கவில்லை, மைக்கை இழுத்துப் பாடத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் மண்டபமே கூடப் பாடியது. என் விரல்கள் எங்கோ தவறான தந்திக்குப் போயின. ஒருவரும் கவனிக்கவில்லை.

இறங்கும்போது ஒரு அம்மையார் என் கையைப் பிடித்து, சித்தார் அற்புதம் என்றார். நன்றி சொல்லிவிட்டேன்.

29 மே

ஹார்ட்முட் தொலைபேசி எடுத்தார். மறதி இனிக் கூடத்தான் செய்யுமாம், வைத்தியர் சொல்லிவிட்டார். முதல் இரண்டு சரணத்தையும் முடியும்வரை தான் பாடுகிறாராம். மூன்றாவதை நீ பாடுவாயா என்று கேட்டார். இந்தமுறை, கேட்டார்.

ஓம், பாடுகிறேன் என்றேன்.

வேலை முடிந்து ரயிலில் வரும்போது அந்தச் சரணத்தை முதல்தடவையாகச் சொல் சொல்லாகக் கேட்டேன். நல்ல பாட்டு.