நீலமாகும் கட்டுத்துணி

அன்பான அத்தைக்கு, நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் புண் எப்படி இருக்கிறது?

நான் கூட்டித் துடைக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், புண்ணில் சீழ் பிடித்தால் நீலமாகிவிடும் கட்டுத்துணியை ஒரு பேராசிரியை கண்டுபிடித்திருக்கிறார். அதை விற்கப்போகும் கம்பெனிக்காரர் வந்து நனைக்கிறார், கசக்குகிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தம்மா பாடுபட்டு செஞ்சதை ஏன் சார் பாழாக்குறீங்க?"

பேராசிரியை சிரித்துவிட்டார். "அவர் பாழாக்கினாத்தான் அக்கா குறை தெரியும். வீட்டுல இது நனையாதா, கசங்காதா?"

கசக்கியதில் துணி நைந்துபோனதும், இருவரும் சேர்ந்து வேறு துணியில் செய்ய உட்கார்ந்துவிட்டார்கள். என்ன மனசு பாருங்கள்! இது அன்றைக்கே இருந்திருந்தால், உங்கள் மகன் "ஒண்ணுமில்ல" என்று தன் புண்ணை என்னிடம் மறைத்திருக்க முடியாது.

கடைக்கு வர நாளாகுமாம். அதுவரை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் புண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் முகமும் அதில் தெரியட்டும். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மருமகள்