சிவப்புப் பொட்டு வைத்த கிளாஸ்

பிப்ரவரி 3, ஞாயிறு

பூசை முடிந்ததும் பாரிஷ் ஹாலில் படம் வரையக் கூட்டம். பூசணிக்காய்கூட வரையத் தெரியாத என்னையும் இழுத்துப் போய்விட்டாள் பக்கத்து வீட்டுச் சாலி. கொச்சியிலிருந்து வந்திருக்கும் நித்யா டீச்சர் ஆளுக்கொரு ஜோடி பிரித்தாள். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து திரும்பிய எங்களில் ஒருத்தி, அஸ்ஸாமிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தி. எனக்கு விழுந்தது யார்? என் வீட்டிலும் சாலி வீட்டிலும் பாத்திரம் கழுவும் சஃபுராவே!

“வீட்லயும் சேச்சி, இங்கயும் சேச்சியா?” என்று சிரித்தாள்.

வேலை செய்த, செய்கிற வீட்டில் நமக்கென்றே இருந்த ஒரு பொருளை வரைய வேண்டுமாம். வரைந்து முடிக்கும்வரை ஜோடிக்குக் காட்டக் கூடாது. கடைசியில் படத்தை மாற்றிக்கொண்டு, மற்றவள் படத்தை நம் வீட்டில் மாட்ட வேண்டும்.

பிப்ரவரி 6

என்ன வரைவது? இரண்டு தாள் பாழ்.

பிப்ரவரி 10, ஞாயிறு

வரைந்துவிட்டேன். குவைத் வீட்டில் சிங்க்குக்கு அடியில், சோப்புத்தூளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த என் கோப்பை. பதினொரு வருஷம் அதில்தான் குடித்தேன். ஒருநாள் அவசரத்தில் மேல் தட்டில் இருந்த அவர்கள் கோப்பையில் குடித்ததற்கு, மேடம் அதைக் குப்பையில் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவர் வறீதிடம்கூட. இன்று எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதேன். நித்யா கட்டிப்பிடித்துக்கொண்டாள். சாலியும் அழுதாள். மனசு லேசானது போலிருந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

ஹாலில் படங்களை ஜோடி ஜோடியாக மாட்டியிருந்தார்கள். என் கோப்பைக்குப் பக்கத்தில் சஃபுராவின் படம் — ஒரு ஸ்டீல் கிளாஸ். அடியோரத்தில் நெயில் பாலிஷால் வைத்த ஒரு சிவப்புப் பொட்டு.

நான் வைத்த பொட்டு. மற்ற கிளாஸ்களோடு கலந்துவிடக் கூடாதென்று.

“ஐயோ, இது யார் வீட்டுலடி?” என்றாள் சாலி. எல்லோரும் திரும்பினார்கள். என் வாய் முந்திக்கொண்டது. “என் வீடு இல்லப்பா. வேற எங்கயோ.”

சஃபுரா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஆமா, வேற வீடு” என்றாள்.

பிப்ரவரி 18

நான் மேடம் மாதிரியா? என் வீட்டில் அவளுக்கு நேரத்துக்கு டீ உண்டு, பலகாரம் உண்டு. ஒரு நாள் அதட்டியதில்லை. சுத்தத்துக்காகத்தானே வைத்தேன் —

மேடமும் சுத்தத்துக்காகத்தான் வைத்தாள்.

மத்தியானம் கத்தியால் பொட்டைச் சுரண்டினேன். “கிளாஸ் என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார் வறீது. கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 20

சாலி சஃபுராவை வேலையை விட்டு நிறுத்திவிட்டாள். என் வாசலில் நின்று கத்தினாள்: “இங்க வந்ததுலேர்ந்து அவ வேலை செஞ்சதே நம்ம ரெண்டு வீட்லதான். உன் வீடு இல்லைன்னா என் வீடுன்னுதானே அர்த்தம்? என் பிள்ளைங்க குடிக்கிற கிளாஸ்லதான் அவளும் குடிச்சா. ரோசிலி, என் பேரை நாறடிச்சிட்டாளே!”

நான் தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டினேன்.

சஃபுரா வழக்கம்போல வந்தாள், கழுவினாள், துடைத்தாள். “நீ ஏன் உண்மையைச் சொல்லல?” என்று கேட்டேன், ஏதோ தப்பு அவளுடையது போல.

“சொன்னா, வீட்டு விஷயத்தை வெளிய சொல்றவன்னு ரெண்டு வீடும் போயிடும் சேச்சி. இப்ப ஒண்ணாவது இருக்கே.”

பிப்ரவரி 22

சஃபுரா கண்ணில் படும்போதெல்லாம் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். என் வீட்டிலேயே எனக்கு ஒளிய இடம் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 24, ஞாயிறு

இன்று படம் மாற்றும் நாள். ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். எழுந்து நின்றேன். “சாலி, அந்தக் கிளாஸ் என் வீட்டுது. பொட்டு வெச்சது நான்தான். சஃபுரா உன்மேல ஒண்ணும் சொல்லல.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்தபோது சாலி சொன்னாள்: “எனக்கு முதல்ல உன் மேலதான் சந்தேகம். ஆனா அந்தக் கோப்பையை வரைஞ்சு அழுதவ இதைச் செய்யமாட்டான்னு நினைச்சேன்.”

சஃபுரா என் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவள் படம் என் கையில் இருந்தது.

பிப்ரவரி 25

சஃபுரா வரவில்லை.

பிப்ரவரி 28

சாலி அவளை மறுபடி கூப்பிட்டுக்கொண்டாளாம். நல்லது. நிஜமாகவே நல்லது.

மார்ச் 4

காலையில் கேட்டருகே நின்றிருந்தேன். சஃபுரா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். “சேச்சி, சுகமா?” என்று எப்போதும் போலவே சிரித்தாள்.

“உள்ள வாயேன். என்கூட உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போ.”

“வேணாம் சேச்சி. சாலி சேச்சி எனக்காகக் குடிக்காம காத்திட்டிருப்பாங்க.”