கரண்டு வண்டிப் பாதை

1943 ஏப்ரல் 9

இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். காலையில் அவித்தது, மத்தியானம் அதே கிழங்கு, கொஞ்சம் மிளகாயோடு. நாக்கை ஏமாற்றலாம், வயிற்றை ஏமாற்ற முடியவில்லை.

தோட்டத்து ஆபீஸில் இனி ஜப்பான் கணக்குப்படி வருடத்தை 2603 என்று போட வேண்டுமாம். போடட்டும். என் நோட்டில் நான் போடுவதுதான் தேதி.

அவர் விடிந்ததும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார். கரண்டு வண்டி நின்றுபோய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. கேட்பாரில்லை, சம்பளமில்லை. ஆனாலும் மலைமேல் ஏறி, தண்டவாளத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டு வருகிறார். "துருப்புடிச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்கிறார். யாரய்யா கேட்கப்போகிறார்கள்? முனியாண்டி என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக முரண்டு என்று வைத்திருக்கலாம்.

1943 ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. கிழங்கு மாவைக் கரைத்துப் பாயசம் என்று பெயர் சொல்லிக் குடித்தோம். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "பசை நல்லா இருக்கு புள்ள, செவுத்துல எதாச்சும் ஒட்டணுமா?" என்றாள். அவள் இல்லையென்றால் இந்தக் காலத்தில் சிரிக்கவே மறந்திருப்பேன்.

முன்பெல்லாம் இந்த நாளில் தோட்டமே வண்டி ஏறிக் குருண் கோயிலுக்குப் போகும். ரப்பர் ஷீட் ஏற்றுகிற வண்டிதான். அன்றைக்கு மட்டும் பாய் விரித்து எங்களை ஏற்றுவார்கள். மழையில் மேல்கம்பியில் நீலமாகப் பொறி பறக்கும், பிள்ளைகள் அலறும், பெண்கள் முருகா முருகா என்பார்கள். மேட்டில் சக்கரம் வழுக்கினால் எல்லோரும் இறங்கித் தண்டவாளத்தில் மணல் தூவிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். ஆண்பிள்ளை பெண்பிள்ளை வித்தியாசம் கிடையாது. உச்சிக்கு வந்ததும் ஒரு பக்கம் ஜெராய் மலை, மறு பக்கம் கீழே வயல்வெளி. அந்தக் காற்றுக்காகவே திரும்ப ஒரு முறை வண்டியில் போக வேண்டும்.

உச்சியில் இருந்த தகரக் கொட்டகையில்தான் எனக்கு வேலை. டெலிபோன். எனக்கு முன் இருந்த ஆள் கள்ளைக் குடித்துவிட்டுத் தூங்கி, இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளப் பார்த்தன. அதன் பிறகுதான், வாத்தியார் மகள், எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை வைத்தார்கள். எதிரே வண்டி இல்லை என்று நான் சொன்னால்தான் கீழேயிருந்து வண்டி ஏறும். துரையே உள்ளே உட்கார்ந்திருந்தாலும் என் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

அவரை எனக்குத் தெரிந்ததும் அங்கேதான். லைன் ஆட்கள் தண்டவாளம் தூக்கும்போது கூப்பாடு போடுகிறவர் அவர். ஒருவர் கூப்பாடு போட, மற்றவர்கள் "ஆச்சு" என்று ஒரே மூச்சில் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு ஆளைக் கொன்றுவிடும். மலைமுழுக்கக் கேட்கும் அந்தக் குரல். குரலைக் கேட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். முதலில் ஆளைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

வெள்ளைக்காரர்கள் ஓடும்போது கரண்டு நிலையத்தை வெடி வைத்து உடைத்தார்கள். நான் டெலிபோனில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஏறி வந்துகொண்டிருந்த வண்டி பாதி மலையில் அப்படியே நின்றுபோனது. அப்புறம் ஜப்பான்காரர்கள் வந்து மோட்டாரையும் செம்புக் கம்பியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் தண்டவாளம் மட்டும்தான்.

1943 ஏப்ரல் 20

அதுவும் போகப்போகிறது.

முத்துக்குமாரு கிராணி இன்று வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்து மனிதர், கணக்கெழுதும் ஆபீஸை விட்டு நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். "பிள்ளை, உந்தத் தண்டவாளம் முழுக்கச் சயாமுக்குப் போகுது. அங்க காட்டுக்குள்ள புது ரயில் பாதை போடுறாங்கள். இதைக் கழட்டத் தெரிஞ்ச ஆக்களையும் அதோட கொண்டு போவாங்கள். உன்ர மனுசனை அடக்கிவை."

திகாம் பத்து ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. கடுதாசி கூட இல்லை.

முதல் வேலையாக ஸ்பேனரைக் கிணற்றில் போட்டேன்.

1943 ஏப்ரல் 22

நான் சொன்னதற்கு முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தண்டவாளத்தைப் பெண்கள் தூக்குவது. லைன் ஆட்கள் சண்டை வந்தபோதே ஓடிவிட்டார்கள் என்று கிராணி சொல்லிவிடுவது. நம் ஆண்கள் கிழங்குக் கொல்லையில் மண்வெட்டியோடு நிற்பது. இரும்பைத் தொட்டறியாதவர்கள் போல.

பிச்சையம்மாள் அக்காதான் முதலில் எழுந்தாள். "எம் புருசன் போயிச் சேந்தாச்சு, எனக்குக் காப்பாத்த ஆளில்ல. ஆனாலும் வர்றேன். இந்த ஆம்பளைங்க முகத்தைப் பாரு, பாவமா இருக்கு." பிறகு பிரேமாவதி, மருதம்மாள் என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

அவருக்குக் கோபம். "பொம்பளைங்க தூக்குற சாமானா அது? ஒரு தடவை கை நழுவுனா காலு போயிரும்." போனால் போகட்டும், கால்தானே போகும் என்றேன். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன. இருக்கிறாரே, அது போதும்.

1943 ஏப்ரல் 27

தண்டவாளத்தைக் கழற்ற வந்திருக்கும் ஜப்பான் மாஸ்டர் எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் வேலை நடக்க வேண்டுமே, சரி என்றுவிட்டான்.

1943 மே 3

தோள் தோளாக இல்லை. எழுதக்கூடக் கை வளையவில்லை.

கூப்பாடுதான் பெரிய தொந்தரவு. ஆண்களின் கூப்பாட்டைப் போட்டால் மாஸ்டருக்குச் சந்தேகம் வரும் — எங்கே கற்றீர்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்பான். கும்மி பாடிப் பார்த்தோம். வேகம் அதிகம், பாதிப்பேர் தூக்கும்போது மீதிப்பேர் குனிந்திருக்கிறோம். தாலாட்டு பாடினால் சோர்ந்து போகிறது. கடைசியில் பிச்சையம்மாள் அக்கா, "எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சது ஒப்பாரிதான், அதையே பாடித் தொலைங்க" என்றாள். ஒப்பாரி பாடித்தான் தூக்குகிறோம். இழுத்து நிறுத்துகிற இடத்தில் தூக்க வேண்டும், மூக்கைச் சிந்துகிற இடத்தில் இறக்க வேண்டும். சிரித்துச் சிரித்து ஒரு தண்டவாளத்தைக் கீழே போட்டோம். யாருக்கும் அடியில்லை.

மேலே கிழங்குக் கொல்லையில் அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கொத்துய்யா, கொத்து. பார்க்காதே.

1943 மே 10

என்ன எழுதுவது.

மலையை வெட்டிப் பாதை போட்ட இடம். காலையிலிருந்து மழை, களிமண் வழுக்கல். ஒப்பாரியை மருதம்மாள் இழுத்தாள், முன்னால் போனவர்கள் சறுக்கினார்கள், தண்டவாளம் அப்படியே பிச்சையம்மாள் அக்காவின் தொடைமேல் விழுந்தது. கீழே சிலீப்பர் கட்டை, மேலே இரும்பு, நடுவில் அவள் கால். அவள் கத்தவில்லை. நாங்கள்தான் கத்தினோம். ஆளுக்கொரு நேரம் தூக்குகிறோம், ஒரு பக்கம் எழுகிறது, மறுபடி அவள்மேலேயே இறங்குகிறது. ஒருத்தி கை ஒருத்தியோடு சேரவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் வந்தது.

"கைய வையி... தோளு சேரு... தூக்கு."

அவ்வளவுதான். எங்களுக்கே தெரியவில்லை, எல்லோரும் ஒரே மூச்சில் "ஆச்சு" என்றோம். இரும்பு எழுந்தது. அக்காவை இழுத்துவிட்டார்கள். எலும்பு முறியவில்லை, சதைதான் கிழிந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் அண்ணாந்து கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சியாப்பா?" — யார் என்று அவன் கேட்கவே வேண்டியதில்லை. வரிசையாக நின்றவர்களில் ஒருவருடைய மண்வெட்டி மட்டும் தரையில் கிடந்தது. அவருடைய இரண்டு கைகளும் தூக்கிப் பிடித்தபடி இன்னும் அந்தரத்தில் நின்றன.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முதல் வேகனோடு அவர் சயாமுக்குப் போக வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "அக்கா காலு போயிருக்கும் புள்ள" என்றார். தெரியும். எனக்குத் தெரியாதா? நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் கத்தித்தான் இருப்பேன். ஆனால் எம் மனுசனைக் கூட்டிட்டுப் போறானே, அதுக்கு நான் என்ன செய்யட்டும்?

1943 மே 11

அழுதது போதும். வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆற்றோரத்தில் ரெங்காஸ் மரம் இருக்கிறது. அதன் பால் மேலே பட்டால் தோல் வெந்து கொப்புளமாகிவிடும், அதனால் விறகுக்குப் போகிறவர்கள் அதன் பக்கமே போகமாட்டார்கள். மாஸ்டருக்குச் சாவுக்குப் பயமோ இல்லையோ, தொற்று நோய்க்குப் பயம். போன மாதம் ஒருவனுக்கு அம்மை என்று கேட்டதும் லயத்துப் பக்கமே தலைகாட்டவில்லை.

அவரிடம் சொன்னேன். "செத்துருவனா?" என்றார். "சயாமுக்குப் போனாதான் சாவீங்க. இதுல எரியும், அவ்வளவுதான்" என்றேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தது போலச் சொன்னேன்.

வாழையிலையைக் கையில் சுற்றிக்கொண்டு தேய்த்தேன். கழுத்து, மார்பு, இரண்டு தோள்கள். இரும்பைச் சுமந்து சுமந்து காய்த்துப்போன தோள்கள் அவை. அந்தத் தோளே எரிந்தது என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1943 மே 14

மாஸ்டர் வந்தான். போர்வையை விலக்கினேன். எனக்கே பார்க்க முடியவில்லை, கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாக்கிட், சாக்கிட்" — நோய், நோய் — என்று பின்வாங்கிப் போனான். நோய் பிடித்தவனை வண்டிக் கொட்டகையில் தனியாகப் போடச் சொன்னான். வேகன் அவர் இல்லாமல் போனது.

என் விரல்களிலும் கொப்புளம். பரவாயில்லை. இன்று இரண்டு கிழங்கு கூடத் தின்றேன்.

1943 மே 19

ஒப்பாரி இனி வேண்டாம் என்றேன். அக்காவின் காலைப் பார்த்த பிறகு ஒருத்திக்கும் அது வாயில் வரவில்லை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பதும் திட்டுவதுமாக இருந்தான். கூப்பாடு போடத் தெரிந்த வேறு ஆம்பளை இருக்கிறானா என்று கிராணியை மிரட்டினான். லைன் ஆட்கள் கொல்லையில் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் அவர்களில் ஒருவர் பிடிபட்டிருப்பார்.

நான் போட்டேன். அந்தக் கூப்பாட்டை மாஸ்டர் ஏற்கெனவே கேட்டாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது. எத்தனை வருடம் உச்சியில் உட்கார்ந்து கேட்டது, சொல் சொல்லாகத் தெரியும். முதல் தடவை குரல் உடைந்தது. அடுத்த தடவை மலை திருப்பிச் சொன்னது. பெண்கள் "ஆச்சு" என்றார்கள். மாஸ்டர் மிரட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

கொட்டகையில் படுத்திருந்த அவருக்கும் கேட்டிருக்கிறது. "ரெண்டாவது வார்த்தைய இன்னும் இழுக்கணும்" என்றார். பாராட்டத் தெரியாத மனுஷன்.

1943 மே 30

உச்சியிலும் முடிந்தது. என் தகரக் கொட்டகைக்கு முன்னால் இருந்த தண்டவாளத்தை நானே கூப்பாடு போட்டுத் தூக்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த லைன் எனக்குப் பிடித்தமான ஒன்று. ஆனால் அவருக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

1943 ஜூன் 8

அவர் எழுந்து நடக்கிறார். தோளில் புதுத் தோல், வெளுப்பாக. பிச்சையம்மாள் அக்கா தாங்கித் தாங்கி நடந்து வந்து பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் திரும்பி வந்தா உன்னத்தான் தொரைன்னு நெனச்சுக்குவான்" என்றாள். அவர் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

1943 ஜூன் 11

கிராணி மறுபடியும் வாசலில் வந்து நின்றார். இந்த முறை என் மனுசன் விஷயமாக வரவில்லை.

"பிள்ளை, தண்டவாளத்தை அங்க இறக்கவும் ஆக்கள் வேணுமாம். உங்கட பொம்பிளையள் நல்லா வேலை செய்யினம் எண்டு மாஸ்டர் எழுதிப்போட்டான். கூப்பாடு போடுற பொம்பிளை கட்டாயம் வர வேணுமாம்." பிறகு, "இறக்கி வைச்சவுடன திருப்பி அனுப்புவாங்கள் எண்டு சொல்லுறாங்கள்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

1943 ஜூன் 12

பிரேமாவதி வருகிறாள், மருதம்மாளும். இன்னும் காலை நன்றாக ஊன்ற முடியாததால் அக்காவை விட்டுவிட்டார்கள். நல்லதாயிற்று, அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

அவர் மத்தியானம் எங்கோ போய்விட்டு வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரிக்காமலே தெரிந்தது, ரெங்காஸ். "கைய நீட்டு" என்றார். அதட்டலாகச் சொல்ல நினைத்தவருக்கு அது முடியவில்லை.

நான் நீட்டவில்லை. அதே கொப்புளத்தை என் மேலும் பார்த்தால் மாஸ்டருக்குப் புரியாதா? அடுத்து அவர் தோளைத்தான் பார்ப்பான். கொட்டகையில் அவரைப் போட்டது எதற்கு, நான் கூப்பாடு போட்டது எதற்கு, எல்லாம் வீணாகப் போய்விடும். சொன்னேன். "நாந்தான போக வேண்டியவன்" என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

பொட்டலத்தை அடுப்பில் போடப் போனேன் — அதன் புகையும் ஆகாது என்று அவரே தடுத்தார். குழி தோண்டிப் புதைத்தோம்.

எனக்குப் பயமில்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனாலும் ஆம்பளைங்களைப் பிடித்துக்கொண்டு போன இடத்துக்கு நான் கூப்பாடு போட்டுக்கொண்டுதான் போவேன். முனகிக்கொண்டு போகமாட்டேன்.

1943 ஜூன் 13

வேகன் குருணிலிருந்து காலையில் கிளம்புகிறது. தண்டவாளம் இல்லாத பாதையில் மலையைக் கடந்து நடந்தே போக வேண்டும். கிழங்கு எந்த மூலையில் இருக்கிறது, உப்பு எதில் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டேன். காதில் வாங்கினாரோ இல்லையோ. வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், கூடவே உச்சிவரை வருவாராம்.

போய்விட்டு வருகிறேன்.