அம்மா பாறையைக் கொதிக்க வைத்த நாள்

ஷெபாய்கன்,
அக்டோபர், ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஆஸ்ட்ரிட்டுக்கு,

உன் அப்பா எழுதுவது. நீ அந்தத் தீவில் காற்றுக்கும் வெயிலுக்கும் நடுவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கக் கை வரவில்லை, அதனால் முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள்: உன் அம்மா பிழைத்துவிட்டாள். இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், இருமுகிறாள், டிவியில் ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்த்து நம் ஊர் அணிக்காரர்களைத் திட்டுகிறாள், திட்டுகிற அளவுக்கு மூச்சு வந்துவிட்டது. அவசரத்துக்கு மட்டும் என்று நீ கொடுத்துவிட்டுப் போன அந்த செயற்கைக்கோள் போன் எண்ணை நான் இரண்டு முறை கையில் எடுத்தேன், அவள்தான் படுக்கையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வேண்டாம் என்றாள், பறவை எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிக்கிறாய் என்று. ஆகவே சரக்குப் படகில் வரும் இந்தக் கடிதம்தான் உனக்கு முதல் செய்தி.

நீ எங்களிடம் விட்டுப்போன கடல்மீன் தொட்டியில் பாசி வந்தது உனக்குத் தெரியாது. ஜூலையில் ஒரு பாறையின் முனையில் பச்சையாக நாலு இழை, குழந்தைத் தலையில் முடி முளைக்கிற மாதிரிதான் இருந்தது. எனக்குப் பார்க்க அழகாகக்கூட இருந்தது, சொன்னால் உன் அம்மா அடிப்பாள். ஆகஸ்டில் பாறை முழுக்கத் தாடி. காரணம் யார் என்று கேட்டால் உன் அம்மாதான், அவளுடைய பாசம்தான். அந்தக் கோமாளி மீனுக்கு கிளாரன்ஸ் என்று பெயர் வைத்தாள், கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாலே அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறதாம், பசி என்று கேட்கிறதாம், ஆகவே காலையில் ஒரு தரம், காபி குடிக்கும்போது ஒரு தரம், பக்கத்து வீட்டு ஐலீன் பேச வந்தால் அவளுக்குக் காட்ட ஒரு தரம் என்று உறைய வைத்த இறாலைப் போட்டுக்கொண்டே இருந்தாள். இருட்டில் பயப்படுமே என்று விளக்கையும் அணைக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் சர்ச்சில் வறுத்த மீன் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவள் வீட்டுக்கு வந்து ஒரு மீனிடம் குட் நைட் சொல்கிறாள், நான் என்ன செய்ய. மீன் தின்றது போக மிச்சமெல்லாம் பாசி தின்றது. உன் மீன்தொட்டி கிளப் நண்பர் டுவெயின், அதுதான் தாடியும் மோட்டார் சைக்கிளுமாக இருப்பாரே, அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு "அம்மா, நீங்க மீனையா வளக்குறீங்க, புல்லுல்ல வளக்குறீங்க" என்று சிரித்தார். தீனியைப் பாதியாக்குங்கள், விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள், பாசியைக் கையால் பிடுங்கிக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள், தேய்த்தால் துண்டு துண்டாய்ப் பறந்து போய் எல்லா இடத்திலும் முளைக்கும், அடுத்த மாதம் நான் பாசி தின்கிற நத்தை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் அம்மாவைத் தேய்க்காதே என்று சொல்வதும் ஏரியைப் பார்த்து அலை அடிக்காதே என்று சொல்வதும் ஒன்று. நம் வீட்டில் குளியலறை மூலையில்கூட ஒரு கறுப்புப் புள்ளி வர விட்டதில்லை அவள். டூத்பிரஷை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி நின்று தேய்த்தாள். டுவெயின் சொன்ன மாதிரியே அது மற்றப் பாறைகளிலும் முளைத்தது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்து பார்த்தால் என்ன நினைப்பாய் என்பதுதான் அவளுக்கு நாள் முழுக்கப் பேச்சு. "பொண்ணு நம்பி விட்டுட்டுப் போனா, நான் குட்டையாக்கி வெச்சிருக்கேன்" என்று அழக்கூடச் செய்தாள், நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், பாசிக்குப் போய் யாராவது அழுவார்களா என்று. பிறகு செப்டம்பரில் தக்காளி ஜாடி அடைக்கிற நாள் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, அன்றைக்கு நம் சமையலறை ஒரு தொழிற்சாலை, அடுப்பில் அவள் அம்மா காலத்துப் பெரிய நீலப் பானை கொதித்துக்கொண்டே இருக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சாகாத அழுக்கு உலகத்தில் கிடையாது என்பது அவள் வேதம், ஜாடி, மூடி, பாத்திரம் துடைக்கிற துணி, சின்ன வயதில் உன் பல் கம்பி உட்பட எல்லாம் அதில் போய் வந்தவைதான். கடைசி ஜாடியை எடுத்துத் துண்டில் வைத்தவள் கொதிக்கிற பானையைப் பார்த்திருக்கிறாள், ஹாலில் இருக்கிற தொட்டியைப் பார்த்திருக்கிறாள். நேராகப் போய் அந்தத் தாடிக்காரப் பாறையை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வந்து பானையில் போட்டுவிட்டாள்.

அந்தப் பாறையில்தான் நீ டுவெயினிடம் வாங்கி ஒட்டிய பொத்தான் பவளம் இருந்தது. தண்ணீருக்குள் பச்சைப் பூ மாதிரி விரிந்து நிற்கும், தூக்கியதும் சுருங்கிப் பழைய செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது. அதையும் அவள் இன்னொரு வகைப் பாசி என்றே நினைத்துவிட்டாள். நான் அப்போது கராஜில் புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது ஏரிக்கரையில் செத்த மீன் ஒதுங்கினால் வருமே அந்த வாடை, நாக்கில் காசை வைத்துச் சப்பின மாதிரி ஒரு கசப்பு. சமையலறை முழுக்க ஆவி நிறைந்திருந்தது. அவள் பானைக்கு மேலே குனிந்து இடுக்கியால் பாறையைத் திருப்பிக்கொண்டு "பாத்தியா ஆர்லன், எப்படி வெளுக்குது" என்று பெருமையாகச் சொன்னாள், சொல்லும்போதே இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டியது, நெஞ்சை யாரோ மிதிக்கிறார்கள் என்று சைகை காட்டினாள், உதடு ஊதா நிறமாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தலைவலி என்றுகூட நான் கேட்டதில்லை மகளே. அடுப்பை அணைத்தேன், அவளைத் தூக்கி டிரக்கில் போட்டேன், கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி, நல்ல பெண்தான், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். தக்காளி ஜாடி அடைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் உளறினேன். வீட்டில் அடைத்த ஜாடியில் விஷக்கிருமி இருக்கலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், மூச்சே வராமல் கிடந்த உன் அம்மா ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு "எஞ் ஜாடி ஒண்ணுகூட இதுவரைக்கும் கெட்டதில்ல" என்றாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. அவர்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. டுவெயின். நத்தை கொண்டுவந்தவர் திறந்து கிடந்த வீட்டைப் பார்த்து வலைக்கதவு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார், பானையில் பாறை தெரிந்திருக்கிறது. போனில் அந்த மனுஷன் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. "பெரியவரே, அதக் கொதிக்கவா வெச்சீங்க? யாரு பக்கத்துல இருந்தது? அந்தப் பொத்தான் பவளத்துல இருக்கறது விஷம்யா, கொதிச்சா ஆவியோட நெஞ்சுக்குள்ள போயிரும், டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க, ஓடுங்க!" நம் ஹாலில், நீ பள்ளிக்கூடத்தில் வாங்கின கோப்பைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில், மனுஷனைக் கொல்கிற விஷம் பூப் பூவாய் விரிந்து உட்கார்ந்திருந்தது என்று கேட்டதும் டாக்டரிடம் ஓடினேன். பாசி எடுக்கப் போய் எமன் வந்த கதை. டாக்டர் விஷ முறிவு மையத்துக்குப் போன் போட்டுப் பேசினாள், அதற்குப் பிறகுதான் வைத்தியம் ஒரு திசையில் போனது. தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். பிழைப்பாள் என்று யாரும் எனக்குச் சட்டென்று சொல்லவில்லை. டுவெயின் வண்டி நிறுத்துமிடத்தில் அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார், நான் கொடுத்த துண்டுதானே அது என்று. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கடைசியில் கட்டிக்கொண்டேன்.

வீட்டை அவர்தான் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுச் சுத்தம் செய்தார். பானை போயிற்று, மேசைமேல் இருந்த தக்காளி ஜாடிகளும் போயின, உன் அம்மாவுக்குத் தன் உயிர் போய்த் திரும்பியதைவிடப் பானை போனதுதான் பெரிய துக்கம். நான் வந்த ஆத்திரத்தில் தொட்டியின் விளக்குக் கம்பியைப் பிடுங்கினேன், அதன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று மேலே கம்பளியைப் போர்த்தினேன், பம்பையும் பிடுங்கப் போனபோது டுவெயின் கையைப் பிடித்துக்கொண்டார், "பம்ப மட்டும் விட்டுருங்க பெரியவரே, பாவம் மீனு என்ன பண்ணுச்சு" என்று. விட்டேன். அதோடு மறந்தும் போனேன். ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவனுக்குத் தீனி நினைவா வரும்.

மூச்சுக் குழாயை எடுத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்த அன்றைக்கு நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்கவில்லை. கையுறைப் பெட்டியை நீ தொட்டி மேலேயே வைத்துவிட்டுப் போனாய் அல்லவா, அது பிரிக்காமலே இருக்கிறதே, ஏன் போட்டுக்கொள்ளவில்லை, பொண்ணு சொன்னாளே என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்த்துக்கொண்டே, "என் கை அழுக்குன்னு நெனைச்சா, எதுக்கு எங்கிட்ட விட்டுட்டுப் போனா?" என்றாள். நீ ஒரு கையில் பையும் ஒரு கையில் டிக்கெட்டுமாக வாசலில் நின்று, தொட்டிக்குள் கை விட்டால் கையுறை போட்டுக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு ஓடினாயே, அதை அவள் தன் கை தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று நீ சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்கே சுத்தம் சொல்லித்தருகிறவள் கையை! வெயில் காலம் முழுக்க அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வீம்புக்கு வெறுங்கையாலேயே எல்லாம் செய்திருக்கிறாள், செய்து தன் கை சுத்தம் என்று உனக்குக் காட்டப் பார்த்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு நானும் கவனிக்கவில்லை.

போன வாரம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தொட்டி செத்த வாடை அடிக்கும், அவள் அதைப் பார்க்கக் கூடாது என்று மறித்து நின்றேன், கேட்பாளா, என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கம்பளியை இழுத்தாள். ஆஸ்ட்ரிட், பாசி இல்லை. இருட்டில் கிடந்து, தீனி இல்லாமல் வாடி, வெளுத்துச் சாம்பல் நிறத்தில் உதிர்ந்து கிடந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. பவளங்கள் கொஞ்சம் வெளிறியிருந்தன, தேறிவிடும் என்கிறார் டுவெயின். அந்தத் தடியன் கிளாரன்ஸ் ஒரு சுற்று இளைத்து, வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தது. அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "நான் கை வெக்காததுனாலதான் சுத்தமாயிருக்கு" என்றாள். அப்படி இல்லை, தீனியும் வெளிச்சமும் குறைந்ததால்தான் என்று சொன்னேன், கையுறை உனக்காகத்தான், கிளப்பில் எல்லோருமே இந்த விஷத்துக்காகத்தான் போடுகிறார்கள், பவளத்தைக் கொடுத்தபோது டுவெயினே பெண்ணிடம் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார் என்றும் சொன்னேன். "நீ அவளுக்கு வக்கீலா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். இப்போது தினம் ஒரு சிட்டிகைதான் தீனி, அதையும் என்னைப் போடச் சொல்கிறாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. கிளாரன்ஸ் கண்ணாடி ஓரம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

நம் வீட்டுப் பெண்கள் இருவருக்குமே பாதி வாக்கியம்தான் பேச வரும், மீதியை எதிராளி புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் இத்தனைக்கும் வினை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், இருந்தது, ஆஸ்பத்திரி நடையில் நிற்கும்போது நிறையவே இருந்தது, இப்போது இல்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, அதை அவளும் விரும்ப மாட்டாள். அங்கே உயிருள்ள பவளப்பாறை மேலேயே நடமாடுகிறாய், செருப்பில்லாமல் இறங்காதே, எதையும் வெறுங்கையால் தொடாதே, தொப்பி போட்டுக்கொள், இதை முழு வாக்கியமாகவே சொல்கிறேன், உனக்கு ஒன்று ஆனால் என்னால் தாங்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் பறவைகளையும் சேர்த்து.

திரும்பிப் போகிற அதே படகில் பதில் போட்டுவிடு. எனக்கு வேண்டாம், உன் அம்மா பெயருக்கு எழுது. நான் உனக்கு எழுதியதை அவளிடம் மறைக்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நீளமாக எழுத வேண்டியதில்லை. கையுறை மீனுக்காக இல்லையம்மா, உனக்காகத்தான் சொன்னேன் என்று ஒரு வரி. அதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவாள்.

அன்புடனும் ஆசியுடனும்,
உன் அப்பா,
ஆர்லன் வோகல்