அம்மா கேட்ட பெயர்

அப்பாவுக்கு,

அம்மாவுக்கான ஏழு நாள் துக்கத்திலும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரிடமும் பேசினீர்கள். மூன்று வருடம் முன்பு எருசலேம் பல்கலைக்கழக மேடையில் யூதர்கள் நாம் வாயால் சொல்லக் கூடாத கடவுளின் நான்கெழுத்துப் பெயரை நான் வாய்விட்டு உச்சரித்தபோது எழுந்து போன நீங்கள், என்னிடம் மட்டும் இன்னும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓய்வுநாளுக்கு ரொட்டி வாங்க நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பேரை எனக்கு ஒரு தரம் சொல்லுடி. போய்ச் சேரும்போது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்."

வேதத்தில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கின்றன, நடுவில் வரும் உயிரொலிகள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, நான் மேடையில் சொன்னது ஆய்வாளர்களின் ஊகம் என்றேன்.

"பாடம் நடத்தாதே. ஊகமாவே இருக்கட்டும், சொல்லு."

வாயைத் திறந்தேன். நூறு பேர் முன்னால் கூசாத நாக்கு எழவில்லை. அந்தப் பெயருக்குப் பதிலாகச் சொல்லச் சின்ன வயதில் நீங்கள் பழக்கிய 'ஹாஷேம்'தான் வந்தது. 'அந்தப் பெயர்' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

"இதைச் சொல்லத்தான் உங்கப்பா இருக்காரே" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்கூட நீங்கள் வந்த பிறகு உங்களிடம்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

என்னைத் தடுத்தது பக்தியா, பயமா, தெரியவில்லை. கடைசியாக அவள் கேட்டதை நான் கொடுக்கவில்லை.

இதைப் படித்து, மகள் திருந்திவிட்டாள் என்று என்னை நீங்கள் மன்னிக்கலாம். அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடியாது. ஆனாலும் பேசுங்கள், அப்பா.

உங்கள் மகள்