சந்தனம் பூசிய ரேடியோ

1953, ஆயுத பூஜை முடிந்த மறு செவ்வாய்

தோட்டத் தமிழர்களுக்கு ரேடியோ போய்ச் சேருகிறதா என்று கோலாலம்பூர் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்டாராம். எங்கள் ரேடியோ ஆபிஸ் பதில் சொல்லியாக வேண்டும். பார்த்து வர, அங்கே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த என்னைச் சிம்பாங் அம்பாட் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

தோட்டத்தின் ஒரே ரேடியோப் பெட்டி பூஜைச் சந்தனமும் வாடிய மாலையுமாக இருந்தது. திருகிப் பார்த்தேன், சத்தமே இல்லை. பேட்டரி செத்துப் பல மாதமாம்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்டிருந்த ஊரடங்கின் நேரம் மாறியதை ரேடியோவில்தான் அறிவித்தார்கள். அது தெரியாமல் பழைய நேரத்துக்கே ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன முனியனைச் சோல்ஜர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"பெட்டி பேசலன்னு மேல சொல்லுங்க கிராணி ஐயா, அவர விட்ருவாங்க" என்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்கிறேன் என்றேன்.

ஆபிஸுக்குத் திரும்பி வந்து பெரிய கிராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெட்டி இருக்குல்ல? அப்ப போய்ச் சேருதுன்னு எழுதுலா. வம்ப வெலைக்கு வாங்காத" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். மன்றத்தில் வாசித்த பிறகு அந்தப் பதிலை ரேடியோவிலும் சொல்வார்கள். நல்லவேளை, முனியன் மனைவிக்கு அது கேட்காது.